கேள்வி பதில்: முள் நிற்கட்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி நீலகிரியிலிருந்து, ஒன்றிரண்டு கொடைக்கானல் பக்கத்திலிருந்து. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதனால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

கேள்வி: கல்லூரியில் முற்போக்கு அரசியல் என்று நிறையப் பேசுகிறார்கள், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மா அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அந்தப் பேச்சுக்குள் அம்மா எங்கே இருக்கிறார் என்றே புரியவில்லை. முற்போக்கு என்றால் எங்களுக்கு என்ன அண்ணா? (கல்லூரி மாணவி, கோத்தகிரி)

பதில்: தங்கச்சி, ஒருநாள் அம்மாவின் எடை நேரத்துக்குப் போய் நின்று பார். என் அம்மா கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது பள்ளி விட்டதும் சாக்கைத் தூக்கி விட எடை மேடைக்குப் போவேன். சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் அது ஆடும், தராசு முள் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் போய்ப் போய் வரும், அது நிற்பதற்குள்ளேயே மேஸ்திரி "பதினாறு" என்று சத்தமாகச் சொல்லிவிடுவார், பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதிவிடுவார். கேட்டால் சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிவு என்பார்கள். மழையே பெய்யாத மார்ச் மாதத்திலும் அந்த ஈரக் கழிவு உண்டு.

ஒருநாள் வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "முள்ளு நிக்கட்டும்ங்க" என்றார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த சாக்குக்கு இன்னொருவர் அதையே சொன்னார். அந்த வாரம் முழுக்க வரிசையில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். மாதக் கடைசியில் ஈரக் கழிவு ஒரு கிலோவாக இறங்கியது.

எனக்கு அரசியல் அங்கேதான் தொடங்கியது. அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார். பெரும்பாலும் பெண்கள், அதிலும் தலித் பெண்கள், சிலோனிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்கள், பந்தலூர்ப் பக்கம் என்றால் பணியர் பழங்குடிப் பெண்களும். எடையில் களவு போவதும், சாதியின் பெயரால் ஒருத்தியை ஒதுக்கி வைப்பதும், பெண் என்பதால் அவள் பேச்சை யாரும் எழுதிக்கொள்ளாததும் ஒரே இடத்தில், ஒரே ஆளின் மேல் நடக்கிறது. அதனால் கல்லூரியில் நீ கேட்கிற சாதி ஒழிப்பும் பெண் விடுதலையும் அம்மாவுக்கு அந்நியமான பேச்சு இல்லை. ஆனால் அதைப் பேசுகிறவர்கள் கூலியையும் எடையையும் சேர்த்துப் பேச வேண்டும். பேசாவிட்டால் நீ எழுந்து கேள். உன் வீட்டில் இருக்கிற அனுபவம் அந்த மேடையில் யாருக்கும் இல்லாததாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆள் கூட்டி வருகிறார்கள். ஏஜென்ட் மூலமாக வருவதால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேலை செய்கிறார்கள், நம் ஆட்களுக்கு வேலை நாள் குறைகிறது. இவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அது தப்பா? நீங்கள் தொழிலாளி பக்கம் என்றால் இதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். (இளைஞர், பந்தலூர்)

பதில்: நேராகவே சொல்கிறேன் தம்பி, தப்புதான். உன் கோபம் தப்பு என்று சொல்லவில்லை, வேலை நாள் குறைந்தால் அடுப்பு எரியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் கோபம் போய் விழுகிற இடம் தப்பு.

என் அம்மா 1973இல், பதினைந்து வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். 1948இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக ஆக்கியது, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைக் கணக்குப் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டபம் முகாமில் ஒரு குடும்ப அட்டையைக் கையில் கொடுத்து, அங்கிருந்து மலைக்கு அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களே போடப்பட்டன. வந்து இறங்கிய நாளிலிருந்து அம்மா கேட்ட வார்த்தை என்ன தெரியுமா? "சிலோன்காரங்க வந்து கூலியக் கெடுத்துட்டாங்க." நீ இன்று எழுதியிருப்பது அதே வாக்கியம், ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. உன் குடும்பமும் கப்பலில் வந்த குடும்பமாக இருந்தால் பாட்டியிடம் கேட்டுப் பார், இருந்தால் அவருக்கு அந்த வார்த்தை இன்னும் மறந்திருக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆள் பிடிக்கிற கங்காணி நம் பூட்டன்மாரைக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைத் தோட்டங்களுக்கு, கூட்டிப் போன அதே காலத்தில், சோட்டாநாக்பூர் மேட்டிலிருந்து, அதாவது இன்றைய ஜார்க்கண்டிலிருந்து, முண்டா, ஒராவோன், சந்தால் மக்களை, அங்கே கங்காணி வேலை பார்த்த சர்தார்கள் அஸ்ஸாம் தேயிலைக்குக் கூட்டிப் போனார்கள். முன்பணம், கடன், தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு, எல்லாம் அங்கேயும் அப்படியேதான். உன் வரிசையில் இன்று நிற்கிற அந்தப் பெண்ணும் நீயும் ஒரே கதையின் இரண்டு கிளை. அவளுக்கு நம் பாஷை தெரியாது, அது ஒன்றுதான் வித்தியாசம், அதுவும் ஆறு மாதத்தில் பழகிவிடும். எங்கள் லைனில் வந்த பிள்ளைகள் இப்போது "தண்ணி எங்க அக்கா" என்று நம்மைப் போலவே கேட்கிறார்கள்.

சரி, கூலி விஷயம். அவர்கள் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்வது குணத்தால் இல்லை. ஊரில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், ஏஜென்ட் கையில் ஆதார் அட்டை இருக்கும், திரும்பிப் போக டிக்கெட் காசு இருக்காது. அந்த நிலைமையில் உன்னை வைத்தாலும் நீயும் ஒத்துக்கொள்வாய். வெளிமாநிலத்திலிருந்து கூட்டி வரும் ஆளுக்கு, அதே வேலையைச் செய்கிற உள்ளூர் ஆளுக்குக் கொடுப்பதை விடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று 1979ஆம் வருடச் சட்டமே சொன்னது. குறைந்தபட்சக் கூலியும் ஆள் எந்த மாநிலம் என்று பார்த்துப் போடப்படுவதில்லை. அப்படியானால் நீ கேட்க வேண்டியது "அவர்களை அனுப்பு" என்பதா, "அவர்களுக்கும் முழுக் கூலி கொடு" என்பதா? இரண்டாவதைக் கேட்டுப் பார். ஏஜென்ட் வழியாக ஆள் எடுப்பதில் லாபமே இல்லை என்று ஆன பிறகு யாரும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ரயில் ஏற்றிக் கூட்டி வர மாட்டார்கள், வருகிறவர்களும் தங்கள் விருப்பத்தில் மரியாதையாக வருவார்கள்.

முதல் வேலையாக நாளைக்குப் பக்கத்து வரிசையில் நிற்கிறவரிடம் அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேள். அந்தத் தொகை உன் சங்கத்தின் கோரிக்கைத் தாளில் ஏற வேண்டும்.

கேள்வி: மே தினம் என்றால் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்துவிடுகிறது. இந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம்? (குன்னூர்)

பதில்: 1923இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் இரண்டு கடற்கரையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலும் திருவல்லிக்கேணியிலும், மே தினக் கூட்டம் நடத்தினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே தினம். அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, அதே சென்னையில் சட்டமன்றத்தில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கிற மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, சங்கங்கள் கொடி வித்தியாசம் பார்க்காமல் சேர்ந்து எதிர்த்தன, மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே 1ஆம் தேதி முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். பத்து நாள்தான். மே தினத்துக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் அந்தப் பத்து நாளைத்தான் நான் காட்டுவேன்.

ஆனால் அதோடு நிம்மதியாக உட்கார முடியாது. 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்பாக ஆக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்துவிட்டது. வீடு, மருத்துவம், குடிநீர், குழந்தைகள் காப்பகம் எல்லாம் கொடுக்கச் சொன்ன 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதற்குள்தான் போய்விட்டது. இனி வேலைநிறுத்தம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் சொல்லிவைத்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கில் வரும். முன்பு 100 பேர் வேலை செய்கிற தோட்டத்தை மூடவே அரசு அனுமதி வேண்டியிருந்தது, இப்போது அந்த எல்லை 300. நம் மாவட்டத்தில் 300 பேருக்குக் குறைந்த தோட்டங்கள் எத்தனை என்று நீங்களே விரல் விட்டு எண்ணுங்கள், விரல் போதாது. அடுத்த மே தினத்தில் மிட்டாய் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மைக்கில் இந்த மூன்றையும் யாராவது படிக்க வேண்டும்.

கேள்வி: முப்பத்து மூன்று வருடம் வேலை செய்து போன வருடம் ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இன்னும் வரவில்லை. லைன் வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்தால்தான் பணம் என்கிறார்கள். போக எனக்கு வேறு இடம் இல்லை. (ஓய்வு பெற்ற தொழிலாளி, சேரம்பாடி)

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி. கணக்குக்காகக் கடைசி நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 15 நாளுக்கு 6,000, அதை 33ஆல் பெருக்கினால் 1,98,000 ரூபாய். உங்கள் கூலி எவ்வளவோ அதைப் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் முடித்த யாருக்கும் இது உரிமை, யாரும் கருணை காட்டிக் கொடுப்பது இல்லை. வேலை விட்ட 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதமான நாளுக்கு வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். புதிய சட்டத் தொகுப்பிலும் இந்த 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது.

நிர்வாகத்துக்கு எழுத்தில் ஒரு மனு கொடுங்கள், நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கிராஜுவிட்டி அதிகாரியிடம் மனு போடலாம். அதற்குமுன் ஒன்று பாருங்கள், நம் ஆட்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான்: தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், பிஎஃப்பில் வேறு எழுத்து, ஆதாரில் இன்னொரு பிறந்த வருடம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

வீடு விஷயத்தில் உங்களுக்குப் பொய்யான தைரியம் கொடுக்க மாட்டேன். கிராஜுவிட்டியைப் பிடித்து வைக்கச் சட்டம் சொல்கிற காரணங்களில் வீடு காலி செய்யாதது இல்லை. ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் வந்திருக்கின்றன. அதனால் தனியாகப் போகாதீர்கள், சங்கத்தின் வக்கீலோடு போங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் யார் கேட்டாலும் போடாதீர்கள்.

இது சட்டம். இனி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக் கொடுத்து, கூரைத் தகரத்தை இரண்டு முறை சொந்தக் காசில் மாற்றியவரை, கை நடுங்க ஆரம்பித்த வருடத்தில் வெளியே போ என்கிறோம். சொந்த ஊர் என்று ஒன்று இல்லாதவரை எந்த ஊருக்குப் போகச் சொல்கிறோம்? 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கும் ஆணை வந்தபோது லைன்களில் எழுந்த பயமும் இதுதான். வீட்டு மனைப் பட்டா கேட்காத எந்தக் கட்சியும் இந்த மலையில் தொழிலாளி கட்சி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் பாதிக்கு மேல் பறிப்புக் கூலிக்கே போகிறது. உங்கள் கணக்கில் நான் முதலாளியா, தொழிலாளியா? (மஞ்சூர்)

பதில்: காலையில் நீங்களும் வீட்டம்மாவும் கத்திரி எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறீர்கள்தானே ஐயா? அப்படியானால் நீங்கள் உழைப்பாளி. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்துத்தான் உங்கள் இலைக்கு விலை வருகிறது. அந்த விலையில் நூற்றில் விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்று கணக்கு இருக்கிறது, ஆனால் ஏலத்தில் விலையை இறக்குகிற பெரிய கைகளை நீங்கள் பார்த்ததுகூட இருக்காது. குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்டு உங்கள் ஊர்களில் உண்ணாவிரதம் இருந்தபோது தோட்டத் தொழிலாளர்களும் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பல இடங்களில் வரவில்லை, அது எங்கள் பக்கத் தவறு.

உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஒரே பறிப்புக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. விலை கேட்டு நீங்கள் போராடும்போது உங்கள் தோட்டத்தில் பறிக்கிற பெண் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமானால், அதற்கு முந்தைய சனிக்கிழமை அவள் கூலியைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: சுற்றுச்சூழல் என்று பேசுகிறவர்கள் வந்தாலே எங்களுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறது. காடு முக்கியமா, வயிறு முக்கியமா? (கொடைக்கானல்)

பதில்: உங்கள் ஊரே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து 1983இல் கொடைக்கானலில் போட்ட பாதரச வெப்பமானி ஆலை, பிறகு ஹிந்துஸ்தான் யூனிலீவர் கைக்கு வந்தது. மலையில் நல்ல சம்பளம் என்று நம் பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2001இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்ததை ஊரார் கண்டுபிடித்த பிறகுதான் ஆலை மூடப்பட்டது. கீழே பாம்பார் சோலைக் காடு வரை விஷம். நிவாரணம் கேட்டு 15 வருடம் அலைந்து, 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் ஆனது. அதற்குள் எத்தனையோ பேர் நோயில் கிடந்தார்கள்.

சோலைக்குள் போன அதே பாதரசம்தான் முதலில் தொழிலாளி மூச்சுக்குள் போனது. காட்டைக் காப்பாற்ற வந்தவர்களும் தொழிலாளிகளும் சேர்ந்து நின்றதால்தான் அந்த வழக்கு அவ்வளவு தூரம் நடந்தது. வேலை போகும் என்று பயம் காட்டுகிறவர் யார் என்று பாருங்கள். ஆலையை நடத்துகிறவரா, சோலையைக் காப்பவரா? அதே சமயம், புலிக்கும் யானைக்கும் குரல் கொடுத்துவிட்டு, விடியற்காலை வேலைக்குப் போகிற வழியில் யானை மிதித்துச் செத்த தொழிலாளி வீட்டுக்கு ஒருமுறைகூடப் போகாதவர்கள் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும்.

கேள்வி: எங்கள் லைனில் எண்பது பெண்கள். சங்கத்தில் கையெழுத்து, சந்தா எல்லாம் நாங்கள்தான், பேசுவது முழுக்க ஆண்கள். கூட்டம் சாயங்காலம் ஆறரை மணிக்கு பஜாரில் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் அடுப்பு, பிள்ளை, போதாததற்குப் பாதையில் யானை. நாங்கள் எப்படி வருவது? (கொழுந்து எடுப்பவர், தேவாலா)

பதில்: கூட்டம்தான் உங்களிடம் வர வேண்டும் அக்கா. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸைக் குறைத்தபோது ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களையே ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். அவர்களில் பலர் அதற்குமுன் ஒரு மேடையிலும் ஏறியதில்லை. ஆனால் ஒவ்வொரு லைனிலும் யார் வீட்டில் எவ்வளவு கடன், யாருக்கு முட்டி வலி, எந்த மேஸ்திரி எடையில் கை வைக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அது உங்களுக்கும் தெரியும்.

எண்பது பேரும் கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்கு ஒரு தாள் கொடுங்கள்: இனிக் கூட்டம் சம்பள நாளன்று கடைசி எடை முடிந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, லைனுக்குள்ளேயே நடக்க வேண்டும், கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும் என்று. பிள்ளைகளை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம், கூடவே கூட்டி வாருங்கள், முன்வரிசையில் பாயைப் போட்டு உட்கார வையுங்கள். தேதி முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானும் வருகிறேன்.